பிள்ளையார் இல்லாத பிள்ளையார் ஸ்டாப்

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். "பிள்ளையார் ஸ்டாப் எல்லாம் இறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். என்னோடு லால்குடிக்காரர் ஒருவரும் இறங்கினார்.

இறங்கியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கையைக் கூப்பியபடி கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். சிமெண்ட் நிழற்குடை இருக்கிறது, பெட்டிக்கடை இருக்கிறது... பிள்ளையாரைக் காணோம்.

"ஏங்க, பிள்ளையார் எங்கேங்க?"

"அவர் இடம் மாறி ஒம்பது வருஷமாச்சுங்க. வாங்க, காட்டறேன்" என்று சந்துக்குள் நாற்பதடி கூட்டிப்போய்த் தரிசனம் செய்துவைத்தேன். தோப்புக்கரணம் போட்டுவிட்டு அவர் கேட்டார்: "பிள்ளையாரையே நகர்த்திட்டீங்களா? ஊர்ல சண்டை வரலை?"

வந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

நான் பெரிய கடைவீதியில் பாத்திரக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறவன், எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் மூத்த பெண் வசந்தாவைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு வலது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். அந்தக் காலோடுதான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். ஸ்ரீரங்கத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடமும் கிடைத்தது.

இடம் கிடைத்தால் போதுமா? போய்ச்சேர வேண்டாமா?

காவிரியில் புதுப் பாலம் வந்த புதிது. பஸ் எல்லாம் ஜோராகப் போகும். ஆனால் அதில் ஏற எங்கள் தெருவிலிருந்து மெயின் கார்டு கேட் வரை நடக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பத்து நிமிஷம். வசந்தாவுக்கு அரை மணி. மழை நாளில் அந்த இரும்பு பூட்ஸ் வழுக்கும். இரண்டு தடவை விழுந்தாள். தினம் லேட். "அடுத்த மாசமும் இப்படித்தான்னா வேற பொண்ணுக்கு இடத்தைக் குடுத்துடுவோம்" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. "நான் நின்னுடறேம்ப்பா" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு ஓவர்சியர் டேப்போடு வந்து நின்றார். எங்கள் ரோட்டை அகலப்படுத்தி, டவுன் பஸ்ஸை இந்த வழியாக விடலாம் என்று திட்டமாம். ஆக்கிரமிப்பெல்லாம் போகட்டும், இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான் – ரோட்டின் வளைவில் உட்கார்ந்திருந்த எங்கள் பிள்ளையார். அவர் இருக்கும்வரை பஸ் திரும்ப முடியாது.

நல்ல மனுஷர் அந்த ஓவர்சியர். "சாமி விஷயம். நீங்கள்லாம் ஒருமனசா சொன்னாத்தான் கை வைப்பேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா பஸ்ஸை வேற ரோட்டுல விட்டுடுவாங்க" என்றார்.

தெரு இரண்டாகப் பிரிந்தது. நகர்த்தக் கூடாது என்ற கட்சிக்குத் தலைவர் தேங்காய்க்கடை முத்தையா அண்ணன். (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். காரணம் கடைசியில் தெரியும்.) கோயில் சுவரில் சாய்ந்தாற்போல்தான் அவர் கடை. பிள்ளையார் போனால் கடையும் போகும். அவருக்கு வாய் பெரிது. "பஸ்ஸுக்காகச் சாமியைத் தூக்குவியா? நாளைக்கு லாரிக்காக மலைக்கோட்டையைத் தூக்குவியா?" என்று நடுரோட்டில் நின்று கேட்பார்.

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அந்தப் பிள்ளையாருக்குச் சாயங்காலம் விளக்கேற்றுகிறவன் நான். நகர்த்தலாம் என்று சொன்னால், மகளுக்காகச் சாமியை விற்கிறான் என்பார்கள். கூடாது என்று சொன்னால்... எப்படிச் சொல்வேன்? விளக்கை ஏற்றிவிட்டு, "நீயே பார்த்துக்கோப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன்.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சாமியிடமே உத்தரவு கேட்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சின்னக் குழந்தை ஒன்று எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை.

யார் கட்டுவது? முத்தையா அண்ணன் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் கட்டுவேன். வேற எவன் கட்டினாலும் கோல்மால் பண்ணிடுவான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் – சாமி சந்நிதியில் நின்றுகொண்டு நான் ஒரு மனுஷரைச் சந்தேகப்பட்டேன். இரண்டிலுமே சிவப்பை வைத்துவிட்டால் என்ன செய்வது? ஆனால் யார் போய்க் கேட்பது?

அவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வாழையிலையில் பூவை மடித்து, நாரால் கட்டி, இரண்டையும் பிள்ளையார் காலடியில் வைத்தார். வசந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டெய்லர் வீட்டு நாலு வயதுப் பெண் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தது. பிரித்தார்கள்.

வெள்ளை நந்தியாவட்டை.

என் மனைவி குலவையிட்டாள். முத்தையா அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "பிள்ளையாரே சரின்னுட்டார், அப்புறம் நான் யாரு?" என்றவர், பிள்ளையார் காலடியில் குனிந்து எதையோ தேடினார். கிடைக்கவில்லை. விருட்டென்று போய்விட்டார்.

அவர் தேடியது என்ன என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வசந்தா தலையில் வைக்கலாமே, சாமி பூவாயிற்றே என்று இன்னொரு பொட்டலத்தை என் மனைவி மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நார் முடிச்சை நான்தான் அவிழ்த்தேன்.

அதிலும் வெள்ளை நந்தியாவட்டை.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தினமும் காலையில் அவர் கடை திறக்கும் நேரம்தான் வசந்தா அந்த வழியாகக் காலை இழுத்து இழுத்து நடப்பாள். ஒருநாள்கூட அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார்.

முறைப்படி குருக்களை வைத்து, சாமிக்குத் தற்காலிக இடமாகப் பாலாலயம் செய்து, பிள்ளையாரைச் சந்துக்குள் எழுந்தருளச் செய்தோம். தூக்கினவர்களை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தவர் முத்தையா அண்ணன். சந்துக்குள் வியாபாரம் பாதிதான். அவர் கடையும் அங்கேதான் வந்தது.

பஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும், அதுவரை பொறுத்துக்கொள்கிறோம் என்று ஸ்ரீரங்கத்தில் வசந்தாவுக்குத் தவணை கொடுத்தார்கள். முதல் பஸ் வந்த அன்று சக்கரத்துக்கு முன்னால் உடைக்கத் தேங்காய் வேண்டியிருந்தது. முத்தையா அண்ணன் ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்து என் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வசந்தா கம்பியைப் பிடித்து ஏறினாள். "அவசரமில்லம்மா, மெதுவா ஏறு" என்று கண்டக்டர் காத்திருந்தார். பஸ் நிறைய ஜனம், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எங்கள் திருச்சியில் அகலமான ரோடு வந்துவிட்டது, சிவப்புக் கல் கட்டடங்கள் போய் மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன, ஸ்ரீரங்கத்தில் கோபுரம் நிலை நிலையாக எழும்பிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் அந்த பஸ் காத்திருந்ததே... அதற்கு மேல் ஒரு பெருமையை நான் இன்னும் பார்க்கவில்லை.

வசந்தா இப்போது ஸ்ரீரங்கத்தில் டீச்சர். அதே பஸ்தான்.

ஒரே ஒரு தடவை நான் முத்தையா அண்ணனிடம் பேச்செடுத்தேன். நிழற்குடையில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். "அண்ணே, அன்னிக்கு அந்த இன்னொரு பொட்டலத்துல..." என்றேன்.

"பஸ் வருது. ஓரமா நில்லுங்க" என்றார். பஸ் எதுவும் வரவில்லை.

கெட்டது செய்து அகப்பட்டுக்கொண்டால் வெட்கப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். நல்லது செய்து அகப்பட்டுக்கொண்டால் வெட்கப்படுகிறவர்களும் உண்டு. எங்கள் கடைத்தெருவில் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. சாமியிடம் கள்ளாட்டம் ஆடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிள்ளையாரிடம் கேட்டுப் பார்த்தேன். அன்று ஏற்றிய விளக்கு நன்றாக எரிந்தது.

லால்குடிக்காரருக்கு அர்ச்சனைத் தேங்காய் வாங்க முத்தையா அண்ணன் கடைக்குத்தான் கூட்டிப்போனேன். வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். "நான் அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேங்க, சாமியை நகர்த்தாதீங்கன்னு. எவன் கேட்டான்?"

நானும் வழக்கம்போல "ஆமாண்ணே" என்று தலையாட்டினேன். தெருவுக்கே பஸ் கொடுத்த மனுஷர் – அவருக்கு அந்தக் கோபத்தையாவது விட்டுவைக்க வேண்டாமா?