மண்டியிடப் பதினோரு வாரம்

டமாலி அத்தைக்கு இடது முழங்காலை மாற்றிய பிறகு, அவள்மேல் அன்பு வைத்திருந்த ஒவ்வொருவரும் அந்தக் காலுக்கு அடியில் ஒரு தலையணையைத் திணித்தார்கள். முப்பத்து நான்கு வருடம் மசாக்காவின் விடுதிப் பள்ளியில் நின்றபடியே களி கிண்டிய கால் அது. இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்றார்கள். வேகவைத்த வாழைக்காயும் நிலக்கடலைக் குழம்பும் கொண்டுவந்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தால் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மூன்று வாரத்தில் அந்த முழங்கால் நீட்டவும் வராமல் மடக்கவும் வராமல், தலையணையின் வளைவிலேயே நின்றுவிட்டது.

கம்பாலாவில் நடந்த அறுவைக்கு உறவுக்காரர்கள் இரண்டு ஞாயிறு கூடிப் பணம் திரட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு என்ன செலவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேர்ந்தபோது, ஒக்குருட் என்பவன் அத்தையின் வாசலில் வந்து நின்றான்.

அவன் கிழக்கே தேசோ பக்கத்துப் பையன், பிசியோதெரபி படித்தவன். வந்ததும் தலையணைகள் இரண்டையும் உருவி, ஒன்றை அத்தையின் தம்பி மனைவி யூனியாவிடம் கொடுத்து, நீங்க உக்காந்துக்கோங்க என்றான். பிறகு பள்ளிப் பிள்ளைகளின் கோணமானியைப் போல நீளமாக ஒன்றை எடுத்துக் காலில் வைத்தான். ஐம்பத்தைந்து பாகை. மடக்க ஆரம்பித்தான். அத்தை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என் புருஷன் முப்பது வருஷம் கூட இருந்தாரு தம்பி. இந்த முழங்காலை இவ்வளவு நேரம் அவரு பாத்ததில்ல."

"பாத்திருந்தா நான் வரவேண்டி இருந்திருக்காதும்மா. மூச்சை அடக்காதீங்க."

ஒரு முறை வந்துபோக அறுபதாயிரம் ஷில்லிங். மகன் கலூலே நான்கு முறைக்குக் கொடுத்தான். அத்தை வாசல் கேட்டுவரை நடக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் ஜின்ஜாவிலிருந்து போன் செய்து, இரும்புதான் வைத்தாயிற்றே, வலிக்க வைக்கிறவனுக்கு எதற்குக் கூலி என்றான். யூனியாவுக்கும் அதே கணக்கு. நாலு தடவை அவன் வந்தால் ஓர் ஆடு போச்சு என்பாள். நாலு முறையோடு அவன் வருவது நின்றபோது கால் எழுபத்தெட்டு பாகைவரை மடங்கியது.

அத்தைக்கு வாசல் கேட்டுவரை நடப்பது போதாது. யூனியாவின் மகள் நசூனாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள், அறுவைக்குப் பதினோராவது வாரத்தில் விழுந்தது. பெண்ணை அழைத்துவந்து, வந்தவர்கள் முன் மண்டியிட்டு முகமன் சொல்லி, வரிசையில் மாப்பிள்ளையை இன்னார் என்று காட்ட வேண்டியவள் அத்தை. நின்றபடி சம்பந்திக்கு முகமன் சொன்ன பெண்ணைப் பற்றி எங்கள் ஊரில் மூன்று தலைமுறை பேசும். தம்பி லுட்டாயா பதமாகத்தான் சொன்னார்: சித்தப்பா மகள் ஒருத்தி கியோட்டேராவில் இருக்கிறாள், அவளும் முறைக்கு அத்தைதானே. அன்றைக்கு டமாலி சாப்பிடவில்லை.

மறுநாள் ஒக்குருட்டுக்கு ஆள் அனுப்பினாள். அவன் தலையாட்டி மறுத்தான். மண்டியிடுவதெல்லாம் நாலு மாதம் கழித்து, இப்போது நினைக்கவே வேண்டாம் என்றான்.

"நீ சொல்லிக் குடுத்தாலும் அன்னைக்கு மண்டி போடத்தான் போறேன். குடுக்கலேன்னாலும் போடத்தான் போறேன். எப்படிப் போடணும்னு நீ முடிவு பண்ணு."

அவன் நிபந்தனை சொன்னான். நூற்றைந்து பாகை மடங்க வேண்டும். யார் கையையும் பிடிக்காமல் எழ வேண்டும். "மண்டி போடுறது எல்லாருக்கும் வரும்மா. எந்திரிக்கத்தான் நான் வேணும்."

புதுக் கோமேசி தைக்க அத்தை ஒரு டப்பாவில் மூன்று லட்சத்து அறுபதாயிரம் சேர்த்திருந்தாள். எங்கள் பெண்கள் விசேஷத்துக்கு உடுத்தும், தோள் கூர்த்த நீள உடுப்பு அது. தைப்பவன் நான். துணி எடுக்க வேண்டாம் என்று என் கடை வாசலில் நின்றே சொன்னாள். வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறைக்கு அந்தப் பணம் போயிற்று. மற்ற நாட்களில் பாலித்தீன் பையைக் குதிகாலில் கட்டி, சமையலறைத் தரையில் வழுக்கியபடி காலை இழுத்து மடக்கி மடக்கி நீட்டினாள். பழைய காப்பிப்பொடி நிறக் கோமேசியைக் கொண்டுவந்து, எழும்போது மிதிபடாமல் முன்பக்கம் இரண்டு விரல் தூக்கித் தரச் சொன்னாள். பெண்ணின் அத்தை பழசிலா வருவது என்று யூனியா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசி முறை அளந்தபோது நூற்றெட்டு.

பந்தலில் பாய் விரித்து, மேலே துண்டு மடித்துப் போட்டிருந்தார்கள். நசூனாவை முன்னால் விட்டு அத்தை வந்தாள். வலது காலை முன்னே ஊன்றி, இடது முழங்காலை மெல்ல இறக்கி, பிறகு வலதையும் இறக்கினாள். குரல் பிசகவில்லை. தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் பேச்சில் ருசி கண்டவர். வீட்டில் எல்லாரும் நலமா, தோட்டம் நலமா, பசு நலமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒவ்வொன்றுக்கும் அத்தை பதில் சொன்னாள். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவர் மழையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார்.

அப்போது யூனியா குலவையிட்டாள். குலவைக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஆனாலும் பெண்ணைப் பெற்றவள் எடுத்த குலவை. எல்லாப் பெண்களும் சேர்ந்துகொள்ள, மழையைப் பற்றிய கேள்வி வராமலே போயிற்று.

இரண்டு பெண்கள் அத்தையைத் தூக்க ஓடினார்கள். அவள் அந்தக் கைகளை விலக்கிவிட்டு வலது பாதத்தை முன்னே வைத்தாள். தொடையில் கையூன்றி ஒரு மூச்சு பொறுத்தாள். எழுந்தாள். நேராக நடந்துபோய் மூன்றாவது நாற்காலியில் இருந்த பையனின் சட்டையில், இவன்தான் மாப்பிள்ளை என்று பூவைக் குத்தினாள்.

சாயங்காலம் முழங்கால் வீங்கிவிட்டது. சோடாப் பெட்டியிலிருந்த ஐஸைத் துணியில் கட்டி யூனியா ஒத்தடம் வைத்தாள்.

"ஒக்குருட் வந்து திட்டப் போறான் அண்ணி."

"நாளைக்கு ஞாயிறு, வரமாட்டான். திங்கக்கிழமை திட்டட்டும்."

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது. நீ போய் அந்தப் பேச்சாளருக்கு ஒரு தட்டு சோறு குடு. இல்லேன்னா நம்ம கோழியையும் குசலம் விசாரிப்பாரு."