இல்லாத கிளட்சை மிதிக்கிறவன்

துபாயில் நான் ஓட்டும் வண்டியின் கால்மிதியில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. டிரைவர் சீட்டுக்கு முன்னால், இடது ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து வெளுத்துப் போயிருக்கும். வண்டி கழுவும் குல்கான் பெஷாவர்ப் பக்கத்துக்காரர். ஒரு நாள் காலையில் கால்மிதியை உதறிக்கொண்டிருந்தவர் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து, "யே கியா ஹை, பாய்?" என்றார். "கிளட்ச்" என்றேன். அவர் குனிந்து வண்டிக்குள் பார்த்தார். பிரேக் ஒன்று, ஆக்ஸிலரேட்டர் ஒன்று, இரண்டே பெடல்கள். நிமிர்ந்து, "கிளட்ச் நஹி ஹை", கிளட்சே இல்லையே என்றார் மெதுவாக, புத்தி கலங்கியவனிடம் பேசுவதுபோல. கிளட்ச் வண்டியில் இல்லை, என் காலில் இருக்கிறது என்று சொல்ல நினைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் உளறி, இடது முட்டியைத் தட்டிக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, மறுநாள் ஒரு தைல பாட்டில் கொண்டுவந்து கையில் திணித்தார். முட்டி வலி என்று நினைத்துக்கொண்டார், பாவம். வலியும் இருந்தது என்பதால் வாங்கிக்கொண்டேன்.

புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவே உள்ள கிராமங்களுக்குள் புகுந்து புறப்படும் மினி பஸ்ஸைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன் நான். மினி பஸ் ஓட்டுவது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை காட்டின இடத்திலெல்லாம் நிற்க வேண்டும். வாழைத்தார் ஏறும், ஆட்டுக்குட்டி ஏறும், "இந்தா வாரேன், நில்லுங்க" என்று தூரத்தில் இருந்தே கத்திக்கொண்டு ஒருவர் ஓடி வருவார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, மறுபடி மிதித்து, மறுபடி மாற்றி. அந்த பெடல் லேசில் இறங்காது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி செல்வி முட்டியை நீவி விட்டால்தான் மாடிப்படி ஏற முடியும். ஆனாலும் எங்களுக்குள் ஒரு மானம் இருந்தது. கியர் மாற்றியதும் காலைத் தூக்கித் தரையில் வைத்துவிட வேண்டும். பெடல் மேலேயே காலைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் கிளட்ச் பிளேட் தேய்ந்து சீக்கிரம் போய்விடும். அப்படி ஓட்டுகிறவனைக் 'கிளட்ச் தின்னி' என்போம். அந்தப் பெயர் ஒருவனுக்கு விழுந்துவிட்டால் அப்புறம் எந்த ஓனரும் நம்பி வண்டி கொடுக்க மாட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் சேவியர் அண்ணன், ஆவூர்ப் பக்கத்துக்காரர், வண்டி ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்: "கருப்பையா ஓட்டுற வண்டிக்குப் பிளேட்டு மாத்தியெல்லாம் நான் பொழைக்க முடியாதுப்பா." எனக்குக் கிடைத்த பட்டம் பதவி எல்லாம் அந்த ஒரு வரிதான்.

என் முதலாளி திருமயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு விசா கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டார். அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். வார விடுமுறை காலைகளில் அவரைப் போன்றவர்கள் ஒரு காபிக் கடை வாசலில் தரையோடு தரையாகக் கிடக்கும் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்களுக்குள் இரண்டு சாதி. கிளட்சும் கியர் கம்பியும் வைத்த மேனுவல் வண்டிக்காரர்கள் மேல் சாதி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி இரண்டு தகடு இருக்கும், விரலால் இழுத்தால் கியர் மாறும், அது பேடில் ஷிஃப்ட்; அவர்கள் கீழ் சாதி. "பேடில்காரன் டிரைவரே இல்லை, அவன் பாசஞ்சர்" என்று என் முதலாளி சொல்வார். சொல்லிவிட்டு வீட்டுக்கு பேடில் வண்டியில்தான் திரும்புவார், அதுவும் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு. டிராஃபிக்கில் யார் மிதிப்பது என்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். முட்டி தேயத் தேய நான் செய்த வேலை இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பெருமை.

ஒரு முறை என்னைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஓர் ஆங்கிலேயர் முன்னால் நிறுத்தினார். இவன் எங்கள் ஊரில் பன்னிரண்டு வருஷம் மேனுவல் பஸ் ஓட்டினவன், ஒரிஜினல் ஆள் என்றார். அந்த வெள்ளைக்காரர் என் கையைக் குலுக்கி, அதெல்லாம் இல்லாமல் ஏக்கமாக இல்லையா என்று கேட்டார். "நோ சார். நீ பெயின்" என்றேன், முட்டியைத் தொட்டுக் காட்டி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். நான் ஜோக் சொல்லவில்லை.

போன தை மாதம் ஊர்த் திருவிழாவுக்கு முதலாளி வந்தபோது என்னையும் கூட்டி வந்தார். ஊர் வீட்டில் நிறுத்தி வைக்கச் சென்னையிலிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திருச்சி, காரைக்குடியிலிருந்தெல்லாம் இதே பைத்தியம் பிடித்தவர்கள் திருமயம் ஹைவே தாபாவில் கூடி, அங்கிருந்து மீமிசல் போய் மீன் சாப்பிடுவது என்று ஏற்பாடு. வீட்டிலிருந்து தாபா வரை நான் சிவப்புக் காரை ஓட்டி வந்தேன். அவர் ஏசி போட்ட பெரிய வண்டியில் பின்னாலேயே வந்து, தாபாவுக்குச் சற்று முன்னால் இடம் மாறிக்கொண்டார். நாலு பேர் பார்க்கும்போது ஸ்டியரிங் அவர் கையில் இருக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்த கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது. இடது கையால் கியர் போட்டு எத்தனை வருஷம். துபாயில் கியர் வலது கைப் பக்கம் அல்லவா இருக்கும். என் இரண்டு கையும் கொஞ்ச நேரம் திண்டாடின, கால் மட்டும் திண்டாடவில்லை. மிதித்தது, மாற்றியதும் தானாகத் தரைக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

மீமிசலில் மீன் இறக்கும் இடத்தில் படகுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. பேடில் வண்டி வைத்திருந்த காரைக்குடி ரைஸ்மில்காரர் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். என் முதலாளி மணலில் இறக்கினார். கூடை வைத்திருந்த ஓர் அம்மா, "ஏய்யா, அங்கிட்டு எறங்காதீங்க, பொத மணலுய்யா!" என்று கத்தினார். இறங்கியாகிவிட்டது. பின் சக்கரம் சுழன்று சுழன்று புதைந்தது. நான் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, "சார், ஹாஃப் கிளட்ச்ல வைக்காதீங்க. எறங்கிருங்க, நாலு பேரு சேந்து தூக்கிருவோம்" என்றேன். ரோட்டில் நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ரைஸ்மில்காரர், "என்ன, மூணு பெடலும் மணலுக்குள்ள போயிருச்சா?" என்று குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் எங்கே இறங்குவார்? பெடலைப் பாதி மிதித்தபடி அரை கிளட்சில் வைத்து என்ஜினைக் கதற விட்டார். புகை வந்தது, முடி கருகின மாதிரி நாற்றம் வந்தது, கடைசியில் என்ஜின் கத்திக்கொண்டே இருக்க, சக்கரம் நின்றுவிட்டது.

காரிலிருந்து இறங்கினார். முகம் சிவந்து கிடந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நண்பர்களைப் பார்த்துச் சொன்னார்: "காலையில வீட்லேருந்து இவன்தான் ஓட்டிட்டு வந்தான். அப்பவே கிளட்சத் தின்னு முடிச்சுட்டான். பெடல்லேருந்து காலையே எடுக்க மாட்டான். துபாய்ல என் வண்டி கால்மிதியையே ஓட்டை போட்டவன், வேணும்னா கேட்டுப் பாருங்க." ரைஸ்மில்காரர் என் பக்கம் திரும்பி, "அப்படியாப்பா?" என்றார். விசா புதுப்பிக்க இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் முதலாளி. மகள் திருச்சியில் நர்சிங் இரண்டாம் வருஷம். கால்மிதி தேய்ந்ததும் பொய்யில்லை. பெடலே இல்லாத இடத்தில் தேய்ந்தது என்று அந்தக் கூட்டத்தில் எப்படி விளக்குவது? குல்கானுக்கே விளக்க முடியவில்லை. "கால்மிதி தேஞ்சது உண்மைதான் சார்" என்றேன். அந்தத் தடியர்கள் தலையை ஆட்டிக்கொண்டு மீன் சாப்பிடப் போனார்கள்.

சென்னையிலிருந்து ஆள் வரும்வரை வண்டியைப் புதுக்கோட்டையில் ஒரு ஷெட்டில் விட வேண்டும் என்றார் முதலாளி. கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் சேவியர் அண்ணன் ஷெட். வேறு எந்த ஷெட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தேன். அண்ணன் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. காரில் உட்கார்ந்து கியரைப் போட்டு கிளட்சை விட்டுப் பார்த்தார், வண்டி அசையவில்லை. மூக்கை உறிஞ்சினார். "பிளேட்டு கருகிப்போச்சு. எந்தப் புண்ணியவான் ஓட்டுனது?" என்றார். ஷெட்டில் நின்ற பழைய மினி பஸ் டிரைவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தாண்ணே."

"நீயா?"

ஒரு நிமிஷம் அவர் என்னை உற்றுப் பார்த்தார். நம்பாதீங்கண்ணே, நம்பாதீங்க என்று எனக்குள் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். இவன் செய்திருக்க மாட்டான் என்று அவர் வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம், சந்தேகப்பட்டால் போதும் என்று இருந்தது. அதற்குள் முதலாளி அந்தக் கால்மிதிக் கதையை எடுத்து விட்டார். சேவியர் அண்ணன் கையை வேஸ்ட் துணியில் துடைத்தார்.

"அங்கிட்டுப் போயி கிளட்சு இல்லாத பட்டன் வண்டி ஓட்டி ஓட்டி காலு கெட்டுப்போச்சா ஒனக்கு? சரி விடு. அப்பதான் ஒன்னய நம்பி நான் பொழைக்க முடியல. இப்பயாச்சும் ஒரு வேலை குடுத்தியே."

டிரைவர்கள் சிரித்தார்கள். சேவியர் அண்ணனும் சிரித்தார், கோபமில்லாமல். நான் பொய் சொன்னது எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு எல்லாரும் சொல்வதுதான். அதை அவர் அவ்வளவு சுலபமாக நம்பினாரே, அதுதான் தாங்க முடியவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் பழைய கண்டக்டர் என்னைப் பார்த்ததும், "துபாய் டிரைவரு வாராரு, கிளட்ச எடுத்து ஒளிச்சு வைங்கப்பா" என்றான். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். விஷயம் செல்வி காதுக்கும் போய்விட்டது. "ஒங்க முட்டிய எத்தனை வருஷம் நீவி விட்டுருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். "அப்ப நீ போயி அந்த ஷெட்டுல சொல்லேன்" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் என் பெட்டியில் துணியை அடுக்கினாள்.

விசா வந்துவிட்டது. துபாய்க்குத் திரும்பி வந்த முதல் வாரமே காபிக் கடை வாசலில் முதலாளி என் தோளில் கை போட்டு, புதிதாக வந்த ஒருவரிடம், இவன் எங்கள் ஊர் ஆள், ஒரிஜினல் மேனுவல் டிரைவர், இந்த மாதிரிக் கால் உலகத்திலேயே கிடையாது என்றார். கொஞ்சமும் கூசவில்லை. என் பெயரை ஊரில் கருக்கிவிட்டு வந்த கை அது, என் தோளில் இதமாகக் கிடந்தது. இங்கே நான் கியர்காரன், அங்கே நான் பட்டன்காரன். இரண்டு பெயரும் அவர் வைத்ததுதான். திரும்பும்போது அவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு, "அந்தக் கால்மிதிய மாத்திரு கருப்பையா, பாக்கவே அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

மாற்றிவிட்டேன். பழையதைக் குல்கான் குப்பையில் போட்டார். மறுநாள் முதலாளியை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு சிவப்பு விளக்கு விழுந்தது. வலது கால் பிரேக்குக்குப் போனது. இடது கால் எப்போதும்போலத் தானாக நீண்டு, ஒன்றுமில்லாத இடத்தை அழுத்தியது. புது ரப்பர், கொஞ்சம் வழுக்கியது. பன்னிரண்டு வருஷம் அந்தக் காலை ஒரு நொடிகூட மிதித்த இடத்தில் தங்கவிடாதவன் நான். அன்றைக்கு விளக்கு பச்சையாகும்வரை எடுக்கவே இல்லை.