பகல் வேலைக்கு ஒரு கடிதம்

குண்டூசி என்று சொன்னால்தான் தெருவில் அவளைத் தெரியும். உடம்பும் மெலிசு, வாயும் கூர்மை. படுக்கையில் கிடப்பவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். இப்போது பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். வாரம் முழுக்க அங்கே, ஞாயிறு மட்டும் வீடு. புருஷன் லாரி ஓட்டுகிறவர். எப்போது வருவார் என்பது லாரிக்குத்தான் வெளிச்சம். மகளை வளர்ப்பதெல்லாம் அடுத்த வீட்டு நாத்தனார்.

ஒரு ஞாயிறு காலை அவள் செருப்பைக் கழற்றியதும், மகள் நாற்காலியில் கிடந்த துணிகளை அவசர அவசரமாக அள்ளினாள். "உக்காரும்மா. தண்ணி கொண்டு வரவா?" விருந்தாளிக்குச் செய்கிற உபசாரம். குண்டூசி அழவில்லை, அதெல்லாம் அவளுக்கு வராது. இனி ராத்திரி தூங்குவது இந்த வீட்டில்தான் என்று முடிவு செய்தாள்.

அதற்கு வழியும் வந்தது. பக்கத்து முதியோர் இல்லத்தில் பகல் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். படிப்பு, அனுபவ விவரத்தோடு, இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்று ஒரு கடிதமும் எழுதி அனுப்ப வேண்டும். அடுத்த ஞாயிறுதான் கடைசி நாள். அன்று மத்தியானம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி, பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நாத்தனாரிடம் நீட்டினாள்.

நாத்தனார் சத்தமாகப் படித்தாள். "பெரியவருக்கு இடது பக்கம் அசைவு இல்லை. முதல் இரண்டு கரண்டியைத் துப்புவார், மூன்றாவதை விழுங்குவார். படுக்கைப்புண் இல்லை. கோபம் வந்தால் தட்டை எறிவார்." நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி, இதைப் படிச்சா அந்தப் பெரியவரைத்தான் வேலைக்குக் கூப்பிடுவாங்க."

தப்பு பழக்கத்தில் வந்தது. சனிக்கிழமைதோறும், மறுநாள் மாற்றாக வருகிறவளுக்கு அவள் எழுதி வைக்கும் குறிப்பு இப்படித்தான் இருக்கும். அதில் நோயாளி இருப்பார், பார்த்துக்கொண்டவள் இருக்க மாட்டாள்.

"நான் என்ன செஞ்சேன்னு எப்படிடி எழுதறது? தம்பட்டம் அடிக்கிற மாதிரி இருக்கும்."

"கொடுங்க, நான் அடிக்கிறேன்."

நாத்தனார் எழுதியது பிரமாதமாக இருந்தது. தன்னலமற்ற சேவை, தளராத உழைப்பு, தங்கள் மேலான நிறுவனம் என்று பக்கம் நிறைந்துவிட்டது.

"யாருடி இந்தப் பொம்பளை? எனக்கே எழுந்து நின்னு கும்பிடணும் போல இருக்கு."

"அப்ப நீங்களே சொல்லுங்க. தட்டை எறிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"பொறுக்கி வைப்பேன். கொஞ்ச நேரம் வெளியே போயிட்டு, புதுத் தட்டோட வருவேன். முதல் தட்டைப் பத்திப் பேசவே மாட்டேன். சாப்பிட்டுடுவார்."

"இதை எழுதுங்க!"

அப்படித்தான் கடிதம் உருவானது. பெரியவரைப் பற்றிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தான் செய்ததைச் சேர்த்தாள். விளம்பரத்தில் கேட்டதற்குச் சம்பந்தமில்லாததை அடித்தாள். நன்றாகச் சமைப்பேன் என்பது போயிற்று. அங்கே சமையலுக்கு வேறு ஆள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: "பகல் வேலை என்பதால் விண்ணப்பிக்கிறேன். இரவில் என்னால் வர இயலாது."

நாத்தனார் தலையில் கை வைத்தாள். "இது எதுக்கு அண்ணி? வேலை கிடைச்சப்புறம் பேசிக்கலாம். இப்பவே கதவைச் சாத்திக்கிறீங்களே!"

"போய்ச் சேர்ந்தப்புறம் ராத்திரியும் இருன்னு சொன்னா? அதுக்கு இந்தப் பெரியவரே போதுமே. பழகின தட்டு."

"கிடைக்கலன்னா என்னைச் சொல்லக் கூடாது."

"உன்னைச் சொல்லாம யாரைச் சொல்றது? நீதானே நாத்தனார்."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே தன் போனிலிருந்து அனுப்பினாள்.

வியாழக்கிழமை, பெரியவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸ் போனில் கூப்பிட்டார்.

"கடிதம் படிச்சேன்மா. ராத்திரி வரவே மாட்டீங்களா? அவசரத்துக்குக்கூட?"

இந்த இடத்தில் மழுப்பினால் வேலை நிச்சயம் என்று குண்டூசிக்குத் தெரிந்தது. ஈரத் துணியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"மாட்டேன் மேடம். வீட்டில பொண்ணு இருக்கா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எல்லாரும் எப்ப வேணா வர்றோம்னுதான் எழுதறாங்க. சேர்ந்து மாசம் ஆகலை, ராத்திரி டியூட்டி போட்டா அழுகை. நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க. பகல் அட்டவணையை நம்பிப் போடலாம். ஞாயித்துக்கிழமை நேர்ல வாங்க, வார்டைப் பாத்துட்டுப் பேசுவோம்."

வார்டைப் பார்த்தாள், பேசினாள், வேலையும் கிடைத்தது. பெரியவர் வீட்டில் வேறு ஆள் அமையும்வரை இருந்துவிட்டு மாறினாள்.

முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், கட்டிலில் ஈரத் துண்டு, தரையில் புத்தகப் பை, டி.வி. முன்னால் மகள்.

"எந்திரி. துண்டைக் காயப் போடு."

"வந்ததும் ஆரம்பிச்சுட்டியா? இனிமே தினமும் இப்படித்தானா?"

"தினமும்தான்."

மகள் துண்டைப் பிடுங்கிக்கொண்டு தரை அதிரக் கொல்லைப்பக்கம் போனாள். குண்டூசி டி.வி.யை அணைத்துவிட்டு, அந்த நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.