சிரிக்காத கோபக்காரர் தேவை

டிஜிட்டல் ஓவிய வகுப்பில் ஒரு கதைக்காக அரக்கன் வரைகிறோம். வயதான பிறகுதான் எழுத்துப் படித்தவன் நான்; ஆசிரியை நேற்று அனுப்பிய குறிப்பை எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன்: “ஐயா, உங்கள் அரக்கனைப் பார்த்தால் பயம் வரவில்லை. சோறு போடத்தான் தோன்றுகிறது. மறுபடி வரையுங்கள்.”

விடுவேனா?

இன்று பெரியகல்லாறில் பஸ் ஏறினேன். கொண்டக்டர் எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார்.

“உள்ளுக்குப் போங்க! வாசல்ல என்ன கலியாணமா நடக்குது?”

அந்தப் புருவம், அந்தப் பல்! டெப்பை மடியில் வைத்து அதன் திரையில் அப்படியே வரைந்தேன். கொம்பும் வைத்தேன். எனக்கே பயமாக இருந்தது.

நாவற்குடா தாண்டியதும் தலைக்கு மேலே ஒரு குரல்.

“அப்பு, இது நான்தானே?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஓம் தம்பி. அரக்கன்.”

அவர் டெப்பைப் பறித்துக்கொண்டு போய் டிரைவருக்குக் காட்டினார். “அண்ணே, இஞ்ச என்னப் பாருங்க!” திரும்பி வந்து, “கொம்பு காணாது அப்பு, இன்னும் பெரிசாப் போடுங்க” என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

கொம்பைப் பெரிதாக்கினேன். ஆனால் கை அந்தச் சிரிப்பையும் சேர்த்து வரைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அரக்கன் மறுபடியும் சோற்றுக்கு நிற்கிறான்.

நாளைக்கும் வரைவேன். தன் படத்தைக் கண்டாலும் சிரிக்காத கோபக்காரர் உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள், பஸ் ஏறி வருகிறேன்.