முட்டைக்காகச் சுங்காய்க்கு ஒரு நாள்

1986-இல் நான் சுங்காய்க்குப் போனது ஒரு முட்டைக்காக. சிரிக்காதீங்க. அப்போது மலேசியாவின் ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ரோபோ கை செய்துகொண்டிருந்தேன். இரண்டு விரல், மேலே கரித்தூள் கலந்த ரப்பர் தோல். அழுத்தினால் தோலில் ஓடும் மின்சாரம் மாறும். தொட்டுவிட்டோம் என்று கைக்குத் தெரியும். தெரிந்து என்ன? முட்டையை நழுவவிடும், இல்லாவிட்டால் நொறுக்கும். திங்கட்கிழமை துறைத் தலைவர் வந்து பார்க்கிறார். அன்றைக்கும் முட்டை உடைந்தால் கை ஸ்டோருக்குப் போகும், நான் பழையபடி ரேடியோ பழுது பார்க்கலாம்.

புது ரப்பர் பால் கிடைத்தால் தோல் சரியாகும் என்று நம்பி, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ் ஏறினேன். எண்பது கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம், மூன்று வெள்ளி அறுபது காசு. சுங்காயிலிருந்து ரப்பர் எஸ்டேட்டுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர், வாடகைக் கார்தான். "செம்மண் ரோடு அண்ணே, என் காடி அபிஸ்லா. நாலு வெள்ளி குடுங்க," என்றார் டிரைவர். காடி என்னவோ ஏற்கெனவே அபிஸ்தான், ஆயுள் முடிந்த வண்டி. கொடுத்தேன்.

என் மனைவியின் அக்கா பார்வதிக்கு அங்கே ரப்பர் சீட்டு போடும் கொட்டகையில் வேலை. பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, உருளைகளில் விட்டுச் சீட்டாக எடுப்பார். சட்டைப் பையிலிருந்து ரோபோவின் விரலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஐயோ, என்ன தம்பி இப்படி வழவழன்னு! இதுல முட்ட எப்படி நிக்கும்? நாங்க சீட்டுக்கே கோடு போடுறோம்லா."

கடைசி உருளையில் வரிவரியாகப் பள்ளம். சீட்டு ஒன்றோடொன்று ஒட்டாமல் சீக்கிரம் காய்வதற்கு. நான் என் விரலைத் திருப்பிப் பார்த்தேன். ரேகை! பொருள் நழுவும்போது அந்த மேடுகளில் தட்டித் தட்டித்தான் போகும். அந்த நடுக்கத்தை உணர்ந்துதான் நாம் இறுக்கிப் பிடிக்கிறோம். இத்தனை நாள் மண்டையில் ஏறவில்லை பாருங்கள்.

"அக்கா, உங்க கட்டை விரலையே அச்செடுக்கிறேன்," என்றேன் குஷியாக.

"எடேன் பார்ப்போம்." நீட்டினார். விரலில் ரேகையே இல்லை. பதினெட்டு வருஷ ஆசிட் தின்றுவிட்டது. "ஐசி, அதான் அடையாளக் கார்டு, எடுக்கப் போனப்ப மூணு தடவ கை கழுவச் சொன்னாங்க. வெறும் மைதான் விழுந்துச்சு," என்று சிரித்தார்.

பாலில் கரித்தூளைக் கலந்து ஆசிட் ஊற்றினோம். உறையும்போது நான் கை வைக்கப் போனேன். புறங்கையில் பட்டென்று ஓர் அடி. "தள்ளு. உன் ரேகை உனக்கு வேணும்." வரி உருளையில் விட்டு, கறுப்புச் சீட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் அடுப்புக்கு மேலே இரண்டு நாள் காயப்போட்டேன். நாற்றத்தில் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை அதை வெட்டி ரோபோ விரல்களில் ஒட்டினேன். தலைவர் முன்னால் முட்டை லேசாக நழுவியது. மீட்டர் முள் நடுங்கியது. கை இறுக்கிக்கொண்டது, முட்டை நின்றது! "யார் விரலைப் பார்த்துச் செய்தாய்?" என்றார் தலைவர். "எங்க அக்கா விரல், சார்."

போகிறவர்களுக்கு: இப்போது அங்கே ரப்பர் போய், முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. பஸ்ஸை நம்பாதீர்கள், சொந்த வண்டியில் போங்கள். கொட்டகை இருந்த இடத்தில் அந்த உருளை புல்லில் கிடக்கிறது. தொட்டுப் பாருங்கள், வரி இன்னும் தேயவில்லை.

அந்த வருஷத் தீபாவளிக்கு அக்காவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிப் போனேன். மீன் கழுவ வைத்துக்கொண்டார். கொட்டகையில் வெறுங்கைதான். கோபத்தில் கத்தியே விட்டேன்.

"கையுறை போட்டா பால் உறைஞ்சுச்சான்னு எப்படி தெரியும்?" என்றார். "மிஷினுக்குத் தோல் வேணும்னு நாயா அலைஞ்ச நீயா, என் தோல மூடச் சொல்ற?"