வலிக்காத முழங்கால்

என் முழங்கால்களுக்கு ஒருநாளும் எந்தக் கேடும் வந்ததில்லை. வந்துவிட்டது என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யால் என் நண்பன் தன் வலது காலை இழந்தான். இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்கு யாரோ என்பதால் சொல்ல முடிகிறது.

காரணம் என்ன என்று கேட்பீர்கள். மிகச் சின்னக் காரணம்தான்... தனியாக நடக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்!

நடை என்றால் உடம்பைக் குறைப்பதற்காக நடப்பதைச் சொல்லவில்லை. கையை வீசிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் சொல்வது சும்மா நடப்பது. அரியலூரில் வேலை பார்த்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் ஏறித் திருமழபாடியில் இறங்குவேன். கோயிலுக்குப் போகிறேன் என்று பக்கத்து அறைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானோ கொள்ளிடத்து மணலில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஓரமாகவே போய்க்கொண்டிருப்பேன். இருட்டுவதற்குள் திரும்புவேன். யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அந்த வாரம் முழுவதற்கும் அது போதும்.

பிறகு பெரம்பலூருக்கு மாற்றலானேன். நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் வேலை. பக்கத்து மேஜையில் தங்கராசு இருந்தான்.

தங்கராசுவுக்குப் பேச்சு மூச்சு மாதிரி. வரைபடத்தின் மேல் நான் குனிந்திருக்கும்போதும் பேசுவான். நான் பதில் சொல்லாவிட்டால் எனக்கும் சேர்த்து அவனே பதில் சொல்லிக்கொள்வான். ஆனால் கெட்ட எண்ணம் என்பது அவனிடம் மருந்துக்கும் கிடையாது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்... நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒருமுறை அலுவலகத்தார் எல்லோரும் வேன் பிடித்துத் தரங்கம்பாடி போனோம். மற்றவர்கள் கோட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு அலையோரமாக வடக்கே நடந்துவிட்டேன். காற்று, ஈர மணல், பேச்சற்ற ஒரு மாலை! நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வந்தபோது தங்கராசு பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஓடிவந்தான். கையில் என் செருப்பு இருந்தது.

“எங்கய்யா போன? செருப்பு கெடக்கு, ஆளக் காணோம். கட்டுமரத்த எறக்கச் சொல்லிட்டேன்யா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்: இந்தப் பாலு தனியாக நடக்க விடக்கூடிய ஆள் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து அவனுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். யாரோடு நடப்பான்? என்னோடுதான்! மாலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் நிற்பான். நான் ஏரிக்கரைப் பக்கம் ஒதுங்கினால் அங்கேயும் வருவான். எதிரே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் குடும்பத்து நலம் விசாரிப்பான். வேப்பமரத்தடிக்கு வந்ததும், “செத்த ஒக்காருய்யா, காலு கடுக்குது” என்பான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது அவனுக்கு. கதை முடிந்தால்தானே?

அவனைப் பிடிக்காமல் இல்லை. அவனோடு நடக்கத்தான் பிடிக்கவில்லை. இதை அவனிடமே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். “தங்கராசு, வாரத்தில் இரண்டு நாள் என்னைத் தனியாக விடு.” இத்தனை சிறிய வாக்கியம்! ஆனால் முகம் வாடிவிடுவான் என்று பயந்தேன். உண்மையைச் சொல்லி ஒருவன் முகம் வாடுவதைப் பார்ப்பதைவிடப் பொய் சொல்லித் தப்பிப்பது எனக்கு எளிதாக இருந்தது. என் குணமே அப்படி.

ஆகவே ஒருநாள் அலுவலகத்தில் சொன்னேன்.

“மூட்டு தேஞ்சு போச்சாம். டாக்டர் நடக்கவே கூடாதுன்னுட்டாரு.”

அவன் பேச்சு நின்றுபோனதை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு எனக்கு நல்ல காலம்! விடிகிற வேளையில், அவன் வராத பக்கமாக ஏரிக்கரையில் நடந்தேன். கொக்குகள் நிற்கும். தூரத்தில் யாராவது மாடு கழுவுவார்கள். என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கும். பிறகு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, அலுவலக வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் நொண்டத் தொடங்குவேன்.

நொண்டுவது எளிதல்ல. கவனம் வேண்டும். ஒருநாள் கவனம் பிசகிவிட்டது.

“நேத்து எடது காலத்தானேய்யா சாச்சு சாச்சு நடந்த?” என்றான் தங்கராசு.

“ரெண்டுலயும் வந்துருச்சுப்பா” என்றேன்.

பிடிபட்டுவிடுவேனோ என்ற பதற்றத்தில் வாயில் வந்த பதில் அது. எனக்கு அத்தோடு முடிந்தது. அவனுக்கு அங்கேதான் தொடங்கியது. இரண்டு காலும் போய்விட்டால் இவன் கதி என்ன என்று அன்றிரவு அவன் தூங்கவில்லை என்று அவன் மனைவி மல்லிகா பிறகு சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் லீவு போட்டான். எனக்கு அதில் மகிழ்ச்சி... இன்றைக்கு அவ்வளவு கவனமாக நொண்ட வேண்டியதில்லை என்று!

மாலையில் என் வீட்டுக்கு வந்தான். நெற்றி நிறையக் குங்குமம். கையில் வாழை இலைப் பொட்டலம். சிறுவாச்சூர்க் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாவிளக்குக்கு வீட்டிலிருந்து மாவு கொண்டு போகிற வழக்கமில்லை. ஊறவைத்த அரிசியைக் கொண்டுபோய்க் கோயில் உரலில் இடித்து, வெல்லம் சேர்த்து, அங்கேயே விளக்கேற்றுவார்கள்.

“மல்லிகாதான் இடிச்சா. கை கொப்பளிச்சுப் போச்சு அவளுக்கு. பெரம்பலூர்லேருந்து வெறுங்கால்லயே நடந்து போனோம்யா. அவனால நடக்க முடியல, அவனுக்குப் பதிலா நான் நடந்து வந்துட்டேன், அவன் காலத் திருப்பிக் குடுத்துடும்மான்னு கேட்டுட்டேன்.”

சித்திரை மாதம் அது. நான்கு வழிச் சாலைக்காகத் திருச்சி ரோட்டுப் புளியமரங்களையெல்லாம் வெட்டி முடித்திருந்தார்கள். நிழல் என்று ஒரு கையகலம் கிடையாது. தார் இளகிக் கிடக்கும்.

“வெறுங்காலோடயா? டாக்டர் ஒனக்கு என்ன சொல்லியிருக்காரு?” என்றேன்.

சர்க்கரைக்காரன் வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அடுப்படியில் செருப்போடு நிற்கிறார் என்று மல்லிகா அலுத்துக்கொள்வது எங்கள் அலுவலகத்தில் தினசரி வேடிக்கை. எனக்குத் தெரியாத செய்தி அல்ல.

“அம்மாகிட்ட போறப்ப செருப்பு என்னாத்துக்குய்யா? நல்லாக் கொப்பளிச்சிருக்கு. ஆனா வலியே இல்ல பாரு. அவ பாத்துக்கிட்டா.”

பாதத்தைத் திருப்பிக் காட்டினான். தோல் வெந்து, தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. வலி இல்லாதது அருள் அல்ல, நோய் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியவை இரண்டு. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ என்பது ஒன்று. எனக்கு ஒன்றுமே இல்லை, நீ ஏமாந்துவிட்டாய் என்பது மற்றொன்று. முதலாவதை அழுத்திச் சொன்னால் இரண்டாவதும் வெளியே வந்துவிடும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“மருந்து வாங்கிப் போட்டுக்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பிறகு இலையைப் பிரித்து மாவைத் தின்றேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இனிப்பாக இருந்தது. நன்றாகவே இருந்தது.

வேண்டுதல் பலிக்க வேண்டுமே! சில நாட்கள் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நொண்டலைக் குறைத்தேன். அடுத்த வாரம் நிமிர்ந்து நடந்தேன். இத்தனை செய்தவனுக்காக இனிப் பேச்சையும் பொறுத்துக்கொள்வோம் என்று நானே மனமிரங்கி மாலையில் பூங்காவுக்குப் போனேன்... பெருந்தன்மை! அவன் வரவில்லை. கொப்புளம் உடைந்து சீழ் வைத்துவிட்டது என்றார்கள். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். திருச்சிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “காலு எப்புடி இருக்கு?”

“நல்லா இருக்கு” என்றேன். அதுவாவது உண்மை.

அவன் சாமியை நொந்துகொள்ளவில்லை. தன் சர்க்கரை, தன் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டான். என்னைப் பற்றி மட்டும் எல்லோரிடமும் சொன்னான். ரெண்டு காலும் போயிருக்க வேண்டியவன், ஆத்தா குடுத்த காலு, பாருங்க எப்படி நடக்குறான் என்று. அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம், டீக்கடையில், பஸ்ஸில்... “மறுபடி வலிச்சா சொல்லுய்யா, எனக்கு இன்னொரு காலு இருக்கு” என்று என்னைக் கிண்டலும் செய்வான். நான் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

இப்போது மாலையில் மல்லிகா அவனைப் பூங்காவில் கொண்டுவந்து உட்கார வைக்கிறாள். அவன் ஊன்றுகட்டையைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, “நீ நட, நான் பாக்குறேன்” என்கிறான். நான் நடக்கிறேன். தனியாக! யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவன் முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை போயிருக்கிறேன். ஒருநாள் தீர்மானமாகவே போனேன். பூங்கா வாசலில் மல்லிகா நின்றிருந்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். எங்க சித்தி சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறப்ப உங்கள ஏரிக்கரையில பாத்துச்சாம். உங்களுக்கு முடியாம இருந்துச்சே, அந்தச் சமயம். வெரசா நடந்து போனீங்கன்னு சொல்லுது.”

செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன்.

“வேற யாரயாச்சும் பாத்திருப்பன்னு அது வாய அடச்சுட்டேன். நீங்களே சொல்லுங்கண்ணே. அது நீங்க இல்லதானே?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தங்கராசு யாரோ ஒரு புது ஆளிடம் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். என் கதைதான்.

“நான் இல்லம்மா” என்றேன்.

“அப்பச் சரிண்ணே. இதச் சொல்லிச் சொல்லித்தான் மனுசன் எந்திரிச்சு ஒக்காந்துருக்காரு. இதுவும் இல்லன்னா படுத்துருவாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கும் வந்துடுங்க. நீங்க வரலன்னா சாப்புட மாட்டேங்கறாரு.”

அவள் நம்பினாளா? நம்பியிருந்தால் அவளையும் ஏமாற்றிவிட்டேன். நம்பவில்லை என்றால்... எல்லாம் தெரிந்தே, தன் கணவனுக்காக என்னை விட்டு வைத்திருக்கிறாள். இரண்டில் எது நடந்தது என்று கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

மறுநாள் போனேன். தங்கராசு என்னைக் கண்டதும் கையை உயர்த்தினான். பக்கத்தில் மல்லிகா நின்று, என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடக்கத் தொடங்கினேன்.