ஏழாம் இலக்கத்தின் பதினொரு பக்கங்கள்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருடத்து மாரிகாலம். மட்டக்களப்பில் கோட்டைமுனைப் பக்கம், வாவியோரமாக எங்கள் வீடு. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கந்தோரில் வேலை முடிந்து வந்து சாய்மனைக் கதிரையில் காலை நீட்டியிருந்தேன். தபாற்காரன் ஒரு பொதியைத் தந்துவிட்டுப் போனான். அதைப் பிரித்த நேரத்திலிருந்து ஒரு கால் மணித்தியாலத்துக்குள் நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஊரில் என்னைப் பகிடிக்காரன் என்பார்கள். இதில் சிரிக்க ஏதாவது அகப்பட்டால் என்னைப் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம். வேறு யாரையும் பார்த்துச் சிரிக்க இதில் இடமில்லை.

பொதியில் இருந்தது ஒரு கொப்பி. அதன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியரின் நாக்கு எங்கள் பெயர்களுக்கு வளைய மறுத்தது. இடாப்பில் உள்ள இலக்கத்தைச் சொல்லியே கூப்பிடுவார். நாங்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். நான் எட்டு. வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் ஏழு. வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்தில், வயலும் எருமையும் உள்ள குடும்பம் அவனுடையது. அவன் கட்டிக்கொண்டு வரும் தயிர்ச்சோற்றில் பாதி நாலு வருடமாக என் வயிற்றுக்குள்தான் போனது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆளுக்கொரு திசை. ஒன்று கொழும்புத் துறைமுகத்தில், ஆறு பதுளையில் தோட்டக் கந்தோரில், ஒன்பது காத்தான்குடியில் தகப்பனின் புடவைக்கடையில். பத்து வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் ஒரு தலைமயிர் கொட்டின ஆள் எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டான். பாயசம் வரைக்கும் அவன் மூன்றாம் இலக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் என்னைத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு தடித்த மட்டை போட்ட ஒரு நீளக் கொப்பி வாங்கி முதலாம் இலக்கத்துக்கு அனுப்பினேன். ஒன்று தன் சேதி புதினங்களை எழுதி இரண்டுக்கு அனுப்ப வேண்டும், இரண்டு மூன்றுக்கு. ஒன்பது எழுதியதும் மறுபடி ஒன்றுக்கு. சட்டம் ஒன்றே ஒன்று: உயிரோடிருக்கிற எவனையும் தாண்டி அனுப்பக் கூடாது. சட்டம் போட்டவன் நான்.

அந்தக் கொப்பி பத்து வருடம் சுற்றியது. பிள்ளை பிறந்தது, பிள்ளை செத்தது, வேலை போனது எல்லாம் அதில் இருந்தன. இரண்டாம் இலக்கம் காய்ச்சலில் செத்துப்போனான். அவன் வரைந்த தலைமை ஆசிரியரின் படம், மூக்கு மட்டும் அரைப் பக்கம், அதில் இருந்தது.

அந்த முறை ஏழாம் இலக்கத்திடம் போன கொப்பி ஐந்து மாதமாக வரவில்லை. எருமை தின்றுவிட்டதா என்று கேட்டு இரண்டு தபாலட்டை போட்டேன். பதில் இல்லை. பிறகுதான் அந்தச் சனிக்கிழமை.

ஆவலோடு பிரித்தேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விரலை நாக்கில் தொட்டுத்தான் தாளைப் புரட்டுவேன். அப்படியே நாற்பது ஐம்பது பக்கம் தொட்டுத் தொட்டுப் புரட்டி ஏழின் பக்கத்துக்கு வந்தேன். பென்சிலில் எழுதியிருந்தான். அவனுடைய எழுத்து முத்துப் போல இருக்கும். இது அரிவரிப் பிள்ளையின் கிறுக்கல் மாதிரிக் கோணிக் கிடந்தது. முதல் வரி: ‘எட்டு, நான் இப்போது தீவு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.’

தீவு ஆஸ்பத்திரி என்றால் எங்கள் ஊரில் விளக்கம் தேவையில்லை. வாவிக்கு நடுவில் ஒரு தீவு. குட்டநோய் கண்டவர்களைச் சட்டப்படி பிடித்துக்கொண்டுபோய் அங்கேதான் வைத்திருந்தார்கள். போன தோணியில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அந்த வரியை வாசித்து முடிக்கும்போது அடுத்த தாளைப் புரட்டுவதற்காக என் விரல் நாக்கில் இருந்தது.

கொப்பி எங்கே விழுந்தது, நான் எப்படிக் கிணற்றடிக்குப் போனேன் என்பதெல்லாம் நினைவில்லை. கார்பாலிக் சவுக்காரத்தை நாக்கில் போட்டுத் தேய்த்தது மட்டும் நினைவிருக்கிறது. வாயெல்லாம் நுரை. மனைவி ஓடிவந்தா.

“இஞ்ச பாருங்க, என்னத்துக்குச் சவுக்காரம் திங்கிறீங்க? சோறு ஆக்கித்தானே வச்சிருக்கன்.”

பதில் சொல்ல வாய் திறந்தால் நுரைதான் வந்தது. குசினிக்குள் போய் அடுப்புக் குறட்டை எடுத்துவந்து கொப்பியைக் கவ்விக்கொண்டு, செத்த பாம்பைத் தூக்குகிற மாதிரி எட்டப் பிடித்தபடி வளவின் மூலைக்குப் போனேன். தேங்காய்ப் பொச்சுமட்டைக் குவியலில் போட்டு மண்ணெண்ணெயை ஊற்றினேன். இரண்டாம் இலக்கத்தின் படம் அதில் இருக்கிறதே என்ற நினைப்பு வரத்தான் செய்தது, இல்லையென்று சொல்லவில்லை. வந்ததும் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினேன். குறட்டைக்கூட வைத்துக்கொள்ளப் பயம். அதையும் நெருப்பில் போட்டேன். இரும்பு எரியாது என்பது அதன் பிறகுதான் ஞாபகம் வந்தது.

பயத்துக்குப் பின்னால் பொய் தானாகவே வரும். தபால் மூட்டை வெள்ளத்தில் போனதால் கொப்பியும் போய்விட்டது என்று எல்லாருக்கும் எழுதினேன். அந்த வருடம் நல்ல வெள்ளம், அதனால் எல்லாரும் நம்பினார்கள். புதுக் கொப்பி வாங்கி அனுப்பினேன். அது ஆறாம் இலக்கத்திடம் போனதும், ‘ஏழு மலைநாட்டுப் பக்கம் போய்விட்டான், விலாசம் தெரியாது, எனக்கே நேரே அனுப்பு’ என்று எழுதினேன். நான் போட்ட சட்டத்தை நானே இப்படி முறித்தேன்.

இந்த நோய் வந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு குண்டூசியால் உடம்பில் பன்னிரண்டு இடத்தில் குத்திப் பார்ப்பேன். நொந்தால் சந்தோஷம். நோகக் குத்தி அழாக்குறையாகச் சந்தோஷப்படுகிற ஆளை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். மூன்று மாதத்தில் என் தொடை அப்பச்சட்டியில் வெந்த அப்பம் மாதிரிப் பொத்தல் பொத்தலாக ஆகிவிட்டது. கடைசியில், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற, எனக்குத் தெரிந்த அப்போத்திக்கரி ஒருவரிடம் போய், கந்தோரில் ஒரு ஆளுக்காகக் கேட்கிறேன், இந்த நோய் கடதாசியால் தொற்றுமா என்றேன்.

“கடதாசியால தொத்தாது. அந்தக் கந்தோர் ஆளை இனிமேல் குண்டூசியால குத்த வேணாம் எண்டு சொல்லுங்க. உங்கட மனிசி நேத்தே வந்து எல்லாம் சொல்லிப்போட்டா.”

தப்பிவிட்டேன் என்று தெரிந்த பிறகாவது ஏழுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என்னத்தை எழுதுவது?

அடுத்த மாசியில் ஒரு நாள் வாசல் படலையில் ஒரு பெண் வந்து நின்றா. ஏழின் அக்கா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஆட்களின் வீடுகளுக்குள் போகாமலிருக்க ஊர் அவவைப் பழக்கியிருந்தது.

“மாசத்தில ஒரு நாள் தீவில பார்க்க விடுறாங்க தம்பி. நேத்துப் போனன். கொப்பி உங்களுக்குக் கிடைச்சதா எண்டு கேட்டுவரச் சொன்னான்.”

“கிடைச்சது அக்கா.”

“கையில பென்சில் நிக்கல்ல. சீலைத்துண்டால கட்டிக்கட்டித்தான் எழுதினவன். ஒண்டரை மாசம், பதினொரு பக்கம். இப்ப அதுவும் ஏலாது. எல்லாரும் வாசிச்சாங்களா எண்டு மட்டும் அறிஞ்சு வரட்டாம்.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓம் அக்கா, எல்லாரும் வாசித்தார்கள் என்றேன். என்ன சொன்னார்கள் என்று அவ கேட்டா. பகிடிக்காரனுக்குக் கதை கட்டவா தெரியாது? ஒன்று கண்கலங்கினான், ஆறு இரண்டு தரம் வாசித்தான், ஐந்து விழுந்து விழுந்து சிரித்தான் என்று அடுக்கினேன். அந்த மனுஷி முகம் மலர்ந்து போனா.

அடுத்த மாதம் மறுபடி வந்தா. இந்த முறை முகத்தில் ஒன்றுமில்லை.

“அஞ்சு சிரிச்சிருக்க மாட்டான் எண்டு தம்பி சொல்றான். எங்கட அம்மா செத்த கிழமையில தொடங்கி எழுதினதாம் அது. சிரிக்கிறதுக்கு அதில ஒண்டுமில்லையாம். உங்களை ஒருக்கா வரட்டாம்.”

போனேன். தோணியில் எதிலும் கை படாமல் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நடுவில் குந்தியிருந்தேன். தோணிக்காரன், “ஐயா, கொஞ்சம் பிடிச்சு இரிங்க, விழுந்திருவீங்க” என்று மூன்று தரம் சொன்னான். கடதாசியால் தொற்றாது என்று கேட்டறிந்த ஆள்தான் இந்த இலட்சணத்தில் போனேன்.

பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு கொட்டில், நடுவில் நீளமான ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் வந்து இருந்த ஆளை எனக்குத் தெரியவில்லை. குரலைக் கேட்டுத்தான் அறிந்தேன்.

“என்ன எட்டு, நனைஞ்ச கோழி மாதிரி இரிக்காய்?”

ஏதாவது பகிடி சொல்லித் தொடங்கலாம் என்று தோணியில் வரும்போது யோசித்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

“எரிச்சுப்போட்டன் மச்சான்” என்றேன்.

“என்னத்தை?”

“கொப்பியை.”

“முழுக்கவா?”

“முழுக்க.”

“ரெண்டு கீறின அந்த மூக்குப் படமும்?”

“ஓம்.”

சீலை சுற்றிய கையை மேசைக்கு மேல் எடுத்து வைத்தான்.

“என்னுடையதில எவ்வளவு வாசிச்சாய்?”

“முதல் வரி.”

“ரெண்டாம் வரியில எழுதியிருந்தனே. மூண்டு நாள் வெயிலில காய வச்சு, டாக்குத்தரிட்டக் காட்டி, பயமில்லை எண்டு அவர் சொன்ன புறகுதான் அனுப்புறன் எண்டு. நீ பயந்தவன் எண்டு எனக்குத் தெரியாதா?”

அந்த நேரம் அவன் என்னை ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவன் ஏசவில்லை.

“என்னைத் தோணியில ஏத்தின அண்டைக்கு எங்கட வளவில புகை எழும்பினதக் கண்டன். என்ர பாயும் கோப்பையும். வீட்டாக்கள்தானே, பயந்துதான் செஞ்சிருப்பாங்க எண்டு நினைச்சன். கொப்பி மட்டும் எங்கயோ சுத்திக்கிட்டு இரிக்கு எண்டு இருந்தன்.”

மறுபடி சொல்லு, இங்கேயே இருந்து ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான்.

“அது அந்த நேரம் வந்தது. மறுகா வராது. நீ ஒண்டு செய். இந்த முறை என்ர பக்கத்தை நீ எழுது. நீ செஞ்சதை எழுது. ஒண்டையும் மறைக்காத. பகிடியும் போடாத.”

எழுதினேன். புதுக் கொப்பியில் ஏழு என்று இலக்கம் போட்டு நான் செய்ததை எழுத எனக்கு ஒன்பது நாள் சென்றது. அடித்து அடித்து எழுதினேன். ஏழின் பக்கத்துக்கு அடுத்ததாக என் பக்கம் வரவேண்டும். அதில் எட்டு என்று இலக்கத்தை மட்டும் போட்டு வெறுமையாக விட்டேன்.

காத்தான்குடி ஒன்பது வாசித்துவிட்டு நேரிலேயே வந்தான். வாசலில் நின்று, “அந்த மூக்கையும் எரிச்சிட்டியேடா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் தீவுக்கு என்னோடு தோணியில் ஏறினான். கொழும்பிலிருந்து ஒன்று, இனி எனக்குக் கொப்பி அனுப்ப வேண்டாம் என்று எழுதினான். இன்றுவரை அவன் என்னோடு பேசவில்லை. ஆறு ஒரு வரிதான் எழுதினான்: நானும் எரித்திருப்பேன், ஆனால் அந்த அக்காவிடம் அப்படிக் கதை கட்டியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு கொப்பி ஏழிடமும் போனது. நான்தான் கொண்டுபோவேன். மேசையின் என் பக்கத்தில் விரித்துப் பிடிப்பேன். அவன் வாசித்து முடித்துத் தலையசைத்தால் புரட்டுவேன். அவனுடைய முறை வரும்போது பென்சிலோடு காத்திருப்பேன். ‘ஏழு இருக்கிறான்’ என்று எழுது என்பான். அந்த ஒரு வரிக்கு மேல் எந்த முறையும் அவன் சொல்லவில்லை. மூன்று முறை அப்படி எழுதினேன். நாலாம் முறை போனபோது தோணித்துறையிலேயே சொன்னார்கள், முந்தின கிழமை அவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று. எங்களில் ஒருவரும் கூட நிற்கவில்லை.

கொப்பி இப்போதும் சுற்றுகிறது, ஆறு பேருக்கிடையில். அந்தப் பதினொரு பக்கத்தில் தாயைப் பற்றி என்ன எழுதியிருப்பான், எங்களிடம் என்ன கேட்டிருப்பான் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் யோசிப்பதெல்லாம் என் சொற்களாகத்தான் வருகின்றன. ஒன்றுகூட அவன் சொல்லாக வரவில்லை. பழைய வகுப்புக்காரரையெல்லாம் இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிற ஆள் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால், ஒருவன் தன் கை வேலை செய்த கடைசி நாட்களில் என்னை நம்பி எழுதியதை வாசிக்காமலே எரித்த ஆளும் நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுப் பேசுகிறேன்.